குறுக்கே படுத்த பெருமாள்... கொம்பு உடைந்த ஆறு!

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகிற பஸ்ஸில் ஏறுங்கள். ஜன்னலோர ஸீட் கிடைத்தால் உத்தமம். ஊரின் தெற்கு ஓரத்தில் ஒரு சின்னப் பாலம் வரும். அந்த இடத்தில் பெரும்பாலான பயணிகள் செய்கிற காரியம் ஒன்றுதான்: கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்வது. பஸ் பாலத்தைத் தாண்ட சில விநாடிகள்கூட ஆகாது. இன்னும் கொஞ்ச தூரம் போனால் செவிலிமேடு. அங்கே பெரிய பாலம். கீழே பார்த்தால் தண்ணீருக்குப் பதிலாக, கண்ணுக்கு எட்டியவரை மணலும் முள்செடியும்தான்.

சின்னப் பாலத்துக்குக் கீழே இருப்பது வேகவதி. பெரிய பாலத்துக்குக் கீழே இருப்பது பாலாறு. ஒன்றின் பெயரில் வேகம். அது நகரவே யோசிக்கிறது. இன்னொன்றின் பெயரில் பால்; அதில் வருஷத்தில் பல மாதம் தண்ணீரே இல்லை!

போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது, ஆட்டோ டிரைவர் ஒருவரிடம் 'வேகவதி பாலத்துகிட்ட நிறுத்துங்க' என்றேன். முப்பது வயதுக்குள் இருக்கும் அவருக்கு. கொஞ்சம் யோசித்துவிட்டு, 'அப்படி ஒரு ஏரியா இல்லையே சார்' என்றார். வழி சொன்னேன். 'அட, அந்தக் கால்வாயா? அதுக்கு இப்படி ஒரு பேர் இருக்குதா சார்?' என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால், வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. பெரிய காஞ்சிபுரத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். என் பாட்டி அந்தப் பெயரைச் சொல்லும்போது கன்னத்தில் போட்டுக்கொள்வாள். இரண்டே தலைமுறையில் ஓர் ஆறு, பெயர் இல்லாத கால்வாயாகிவிட்டது!

பெயரில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? நிறைய இருக்கிறது. அதைச் சொல்ல உங்களை கிரேக்க நாடு வரை கூட்டிப்போக வேண்டும். பயப்படாதீர்கள், பாஸ்போர்ட் வேண்டாம். அதற்கு முன்னால், பாட்டி சொன்ன கதையைக் கேட்டுவிடுங்கள்.

பிரம்மா காஞ்சியில் ஒரு யாகம் செய்ய முடிவெடுத்தார். யாகம் என்றால் பக்கத்தில் மனைவி இருக்க வேண்டும். சரஸ்வதிக்கும் அவருக்கும் அப்போது மனஸ்தாபம். 'நீ வராவிட்டால் என்ன' என்று சாவித்திரியை உட்காரவைத்து யாகத்தை ஆரம்பித்துவிட்டார். எந்த மனைவிக்குத்தான் கோபம் வராது? முதலில் உலகத்தையே இருட்டாக்கினாள் சரஸ்வதி. பெருமாள் விளக்காக வந்து நின்றார். காஞ்சியில் விளக்கொளிப் பெருமாள் கோயில் இருக்கிறதே, அது அந்தக் கதைக்கு. எதுவும் பலிக்காமல் போகவே கடைசியில் சரஸ்வதி தானே ஓர் ஆறாக மாறி, யாகசாலையை அடித்துக்கொண்டு போகப் பாய்ந்து வந்தாள். அவ்வளவு வேகம். அதனால் வேகவதி!

பெருமாள் என்ன செய்தார் தெரியுமா? சண்டை போடவில்லை. சக்கரத்தை விடவில்லை. பேசாமல் ஆற்றுக்குக் குறுக்கே படுத்துக்கொண்டார்! வந்த வெள்ளம் நின்றது. யாகம் பிழைத்தது.

சின்ன காஞ்சிபுரத்தில் உள்ள திருவெஃகா கோயிலில் இன்றும் அவர் படுத்துக்கொண்டுதான் இருக்கிறார். யதோக்தகாரி என்பது வடமொழிப் பெயர். தமிழில் சொன்னவண்ணம் செய்த பெருமாள். திருமழிசை ஆழ்வார் 'பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பு' என்றதும் கிளம்பி, 'வந்து படு' என்றதும் திரும்ப வந்து படுத்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த அவசரத்தில் திசை மாறிப் படுத்துவிட்டார் என்பார்கள். மற்ற ஊர்ப் பெருமாள்கள் படுத்திருப்பதற்கு நேர் எதிராகத்தான் இவர் சயனம்.

ஆனால், நான் சொல்ல வருவது அவருடைய இன்னொரு பெயரை. வேகாசேது! வேதாந்த தேசிகர் இந்தப் பெருமாள் மீது பாடிய தோத்திரத்துக்கே 'வேகாசேது ஸ்தோத்திரம்' என்றுதான் பெயர். சேது என்றால்? அணை! வேகவதிக்குப் போட்ட அணை. வெஃகா என்ற ஊர்ப் பெயரே 'வேக அணை' என்பது மருவி வந்ததுதான் என்று கோயிலில் சொல்வார்கள். பொதுப்பணித்துறைக்காரர்கள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள். அணைக்கட்டையே பெருமாளாக்கிக் கும்பிடுகிற ஊர் எங்கள் ஊர்!

இது ஒரு கதைதான் என்று தள்ளிவிடாதீர்கள். பெரிய காஞ்சிபுரத்துக்கு வாருங்கள். ஏகாம்பரநாதர் கோயில். அங்கேயும் ஒரு வெள்ளம் இருக்கிறது. கம்பை ஆற்றங்கரையில், மாமரத்தடியில், அம்பாள் மணலில் லிங்கம் பிடித்துவைத்துப் பூஜை செய்கிறாள். சிவன் சோதிக்கிறார். கம்பையில் வெள்ளம் புரண்டு வருகிறது. லிங்கம் கரைந்துவிடுமே என்று பதறி, அம்பாள் அதை அப்படியே மார்போடு கட்டிக்கொள்கிறாள். சுவாமிக்குத் 'தழுவக் குழைந்த நாதர்' என்று பெயர் வந்தது அப்படித்தான்.

கவனித்தீர்களா? ஒரே ஊர். அந்தப் பக்கம் வைணவர்கள், இந்தப் பக்கம் சைவர்கள். தேங்காய் உடைப்பதில்கூட ஒத்துப்போக மாட்டார்கள். ஆனால், இரண்டு பேருடைய தலையாய கதையிலும் ஒரு வெள்ளம் வருகிறது. ஒருவர் தன் உடம்பைக் குறுக்கே போட்டு அதைத் தடுக்கிறார். ஓர் ஊர் திரும்பத் திரும்ப வெள்ளத்தைப் பற்றியே கதை சொல்கிறது என்றால், அந்த ஊருக்கு வெள்ளம் தெரியும் என்று அர்த்தம். பட்டிமன்றம் தேவையில்லை!

இப்போது கிரேக்கத்துக்குப் போவோம்.

அங்கே அகிலூஸ் என்று ஓர் ஆறு. வடக்கே பிண்டஸ் மலையில் பிறந்து, சுமார் 220 கிலோமீட்டர் ஓடி, மேற்கே அயோனியன் கடலில் கலக்கிறது. நம் பாலாற்றைவிடச் சின்னது. ஆனால், கிரேக்கர்களுக்கு அது ஆறுகளின் ராஜா. அங்கே ஆறுகள் ஆண்கள்! நமக்கு நதி என்றால் தாய். அவர்களுக்கோ தாடி வைத்த, தலையில் கொம்பு முளைத்த ஆசாமி.

இந்த அகிலூஸ் ஓர் அழகான ராஜகுமாரிமேல் ஆசைப்பட்டான். தயனீரா என்று பெயர். பெண் கேட்டு, ஒரு நாள் காளையாக வந்தானாம். இன்னொரு நாள் பாம்பாக வந்தானாம். மூன்றாவது, காளைத் தலை வைத்த மனிதனாக, தாடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நின்றானாம். அந்தப் பெண் நிலைமையை யோசித்துப் பாருங்கள்! நல்லவேளையாக ஹெர்குலிஸ் வந்து சேர்ந்தான். இரண்டு பேருக்கும் சண்டை. ஹெர்குலிஸ், காளையின் ஒரு கொம்பை முறித்துக் கையில் எடுத்துக்கொண்டான். ஆறு தோற்றது. அந்தக் கொம்பில்தான் பழமும் பூவும் தானியமும் அள்ள அள்ளக் குறையாமல் வந்ததாக ஒரு கதை. கல்யாணப் பத்திரிகை டிசைன்களிலும் பழைய காலண்டர்களிலும், பழங்கள் கொட்டுகிற ஒரு வளைந்த கொம்பைப் பார்த்திருப்பீர்களே... அது ஓர் ஆற்றின் கொம்பு!

இந்தக் கதையைச் சுமார் 2000 வருஷத்துக்கு முன்னால் ஸ்ட்ராபோ என்ற புவியியல்காரர் கையில் எடுத்தார். கிரேக்கர். ஊர் ஊராகச் சுற்றி, உலகத்தின் பூகோளத்தையே 17 பாகமாக எழுதிவைத்தவர். கதையை அவர் ஒரு ஆடிட்டர் மாதிரி பார்த்தார். (நான் பி.காம்., அதனால் எனக்கு அவரைப் பிடிக்கும்.) 'ஆறு ஏன் காளை? வெள்ளம் வரும்போது அப்படித்தான் உறுமுகிறது. அதன் வளைவுகளைக் கொம்பு என்கிறார்கள். ஏன் பாம்பு? நீளமாக, நெளிந்து நெளிந்து போகிறது. கொம்பை முறித்தது என்றால் என்ன? கரை போட்டு, வாய்க்கால் வெட்டி, ஆற்றை ஒழுங்குக்குக் கொண்டுவந்ததுதான். சேறாகக் கிடந்த வயல்வெளி விளைநிலமாயிற்று. அதுதான் அள்ள அள்ளக் குறையாத கொம்பு' என்று விளக்கினார்.

படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஹெர்குலிஸ் ஆற்றின் கொம்பை முறித்தான். எங்கள் பெருமாள் ஆற்றுக்குக் குறுக்கே படுத்தார். இரண்டுமே அணைக்கட்டின் கதை! அங்கே சண்டை, இங்கே சயனம். அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு எங்கள் ஊர் வழிதான் பிடித்திருக்கிறது. அடிக்காமல், உடைக்காமல், படுத்தே ஜெயிப்பது லேசா?

ஆச்சரியம் இத்தோடு முடியவில்லை. அகிலூஸுக்கு முன்பு வேறொரு பெயர் இருந்தது என்கிறார் ஸ்ட்ராபோ. தோவாஸ்! அதற்கு அர்த்தம் என்ன தெரியுமா? வேகமானவன்!

சரி, பிற்காலத்தில் அந்தப் பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் அதே ஆற்றை எப்படி அழைத்தார்கள்? ஆஸ்ப்ரோபொட்டமோஸ். இதற்கு அர்த்தம், வெள்ளை ஆறு!

வேகமானவன், வெள்ளை ஆறு. வேகவதி, பாலாறு. காஞ்சிபுரத்துக்காரனும் கிரேக்கனும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு பெயர் வைத்திருக்க முடியாது. ஆற்றங்கரையில் நின்ற மனுஷன், கண்ணில் பட்டதைச் சொல்லியிருக்கிறான். மலையிலிருந்து பாய்ந்தால் வேகம். நுரையும் மணலுமாக மின்னினால் வெள்ளை. ஆறுகளின் பெயர்கள் ஆதியில் இப்படித்தான் பிறந்திருக்கின்றன. அவை பட்டங்களோ புகழுரைகளோ அல்ல... சாட்சி வாக்குமூலங்கள். 'நான் பார்த்தபோது இந்த ஆறு இப்படி இருந்தது' என்று எந்தக் காலத்திலோ ஒருவன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

சில சமயம் அந்த வாக்குமூலத்தைப் பின்னால் வந்தவர்கள் தப்பாக மொழிபெயர்ப்பதும் உண்டு. செய்யாறு இருக்கிறதே, சங்க நூலான மலைபடுகடாம் அதைச் சேயாறு என்கிறது. சேய் என்றால் முருகன், குழந்தை என்றெல்லாம் பொருள் சொல்வார்கள். அதே ஆற்றுக்கு வடமொழியில் பாகுநதி என்று பெயர். பாகு என்றால் தோள், கை. முருகனுக்கும் கைக்கும் என்ன சம்பந்தம்? தெலுங்கில் 'செய்யி' என்றால் கை! செய்யாறு என்று காதில் விழுந்ததைத் தெலுங்காக நினைத்துக்கொண்டு, யாரோ ஒரு புண்ணியவான் 'கை ஆறு' என்று வடமொழிக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. பாலாற்றுக்கு இந்த விபத்து நேரவில்லை. க்ஷீரநதி! க்ஷீரம் என்றால் பால். சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அது ஏன் பால்? மணல் வெண்மை என்பது ஒரு பதில். இன்னொரு பதிலைச் சேக்கிழார் தருகிறார். 12-ம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடியவர். தொண்டை நாட்டுக்காரர், குன்றத்தூர்தான் சொந்த ஊர். திருக்குறிப்புத் தொண்டர் கதையில் பாலாற்றைப் பற்றிச் சொல்கிறார். கோடையில் ஆற்றில் தண்ணீர் ஓடாது. ஆனால், உழவர்கள் மணலைக் கையால் தோண்டி வருடினால் ஊற்று பெருகும். குழந்தை தொட்டதும் தாய்க்குப் பால் சுரக்கிற மாதிரி என்கிறார்.

கவித்துவம் ஒரு பக்கம் இருக்கட்டும். எவ்வளவு துல்லியமான நீரியல் பாடம், பாருங்கள்! 900 வருஷத்துக்கு முன்னாலும் பாலாறு கோடையில் ஓடவில்லை. அது மேலே ஓடுகிற ஆறு அல்ல. மணலுக்குக் கீழே ஓடுகிற ஆறு. மணல்தான் அதன் மடி. அந்த மடியிலிருந்து ஊற்றுக்கால் வெட்டித்தான் இந்தப் பக்கத்து வயல்கள் பிழைத்தன. பிற்காலத்தில் நாம் லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போனது வெறும் மணலை அல்ல. மடியையே அறுத்துக்கொண்டு போனோம். பிறகு 'பால் வரவில்லையே' என்று கேட்டால்?

அந்தத் திருக்குறிப்புத் தொண்டர் யார் தெரியுமோ? காஞ்சியில் துணி வெளுத்த ஓர் ஏழை. சிவனடியார்களின் துணியை இலவசமாக வெளுத்துத் தந்தவர். ஒரு நாள், மழையினால் ஓர் அடியாரின் கந்தைத் துணியைச் சொன்ன நேரத்துக்குள் காயவைத்துத் தர முடியாமல் போக, துவைக்கிற கல்லிலேயே தலையை மோதிக்கொள்ளப் போனவர். எங்கள் ஊரில் நாயன்மார் ஆவதற்குக்கூடத் தண்ணீர் வேண்டியிருந்தது! பட்டுக்கும் அதேதான். கச்சாப் பட்டின் பசையைப் போக்க, சாயம் போட, அலச... எல்லாவற்றுக்கும் தண்ணீர். 'பாலாத்துத் தண்ணியிலதான் சாயம் பளபளன்னு பிடிக்கும்' என்று எங்கள் தெருப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தச் சாயத் தண்ணீரில் ஒரு பகுதி கடைசியில் வேகவதியில்தான் போய் விழுந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஊர்ப் பெருமை பேசும்போது பற்று, வரவு இரண்டையும் எழுத வேண்டும். வரவை மட்டும் எழுதினால் அது கணக்கல்ல!

ஆறு என்றால் ஒரே இடத்தில் இருக்கும் என்று நினைக்கிறோம். அதுவும் தப்பு. அகிலூஸ் கொண்டுவந்து கொட்டிய வண்டல், கடலில் இருந்த தீவுகளையே நிலத்தோடு ஒட்டவைத்துவிட்டது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே ஹெரோடோட்டஸும் துசிடிடீஸும் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். எக்கினேட் என்ற அந்தத் தீவுக் கூட்டத்தில் பாதித் தீவுகள் அப்போதே கரையேறிவிட்டதாக ஹெரோடோட்டஸ் கணக்குச் சொல்கிறார். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பாசனியாஸ் என்ற ஊர்சுற்றி, 'மிச்சத் தீவுகள் ஏன் இன்னும் ஒட்டவில்லை?' என்று ஒரு கேள்வி கேட்டு, அபாரமான பதிலும் சொன்னார். 'மேலே உள்ள ஈட்டோலியா நாட்டு ஜனங்களை விரட்டிவிட்டார்கள். உழவு இல்லை. நிலம் தரிசு. அதனால் ஆற்றில் வண்டல் குறைந்துவிட்டது!' யோசித்துப் பாருங்கள்... மேலே ஏர் நின்றால், கீழே கடற்கரை மாறுகிறது!

அந்த ஆறுதான் ஈட்டோலியாவுக்கும் அக்கர்னேனியாவுக்கும் எல்லை. வண்டலால் எல்லைக் குறிகள் அழிந்துகொண்டே இருக்க, இரண்டு நாட்டுக்கும் ஓயாத சண்டை. தீர்த்துவைக்க நடுவர் இல்லாததால் ஆயுதத்தை எடுத்தார்கள் என்கிறார் ஸ்ட்ராபோ.

நம் பாலாறும் லேசுப்பட்டதல்ல. இன்று அது கர்நாடகத்தில் நந்திமலைப் பக்கம் பிறந்து, 348 கிலோமீட்டர் நடந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூரில் கடலைத் தொடுகிறது. கர்நாடகத்தில் 93, ஆந்திராவில் 33, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர். ஆனால், ஒரு காலத்தில் அது காவேரிப்பாக்கத்துக்குப் பக்கத்திலிருந்து வடகிழக்காகத் திரும்பி, இன்று கொசஸ்தலையாறு போகிற வழியில், சென்னைக்கு வடக்கே கடலுக்குப் போயிருக்கிறது என்கிறார்கள் நிலவியல்காரர்கள். எப்படிக் கண்டுபிடித்தார்கள்? மண்ணைத் தோண்டியும், செயற்கைக்கோள் படங்களைப் பார்த்தும். ஆனால், நம் ஜனங்களுக்குச் செயற்கைக்கோள் தேவைப்படவில்லை. கொசஸ்தலையாற்றுக்குப் பழைய பெயர் ஒன்று உண்டு: விருத்த க்ஷீரநதி. அதாவது, கிழப் பாலாறு! ஆறு வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனது. கதவில் இருந்த பெயர்ப் பலகையை யாரும் கழற்றவில்லை.

எல்லைச் சண்டையும் நம்மிடம் இருக்கிறது. 1892-ல் மதராஸ் ராஜதானியும் மைசூர் சமஸ்தானமும் ஓர் ஒப்பந்தம் போட்டன. கீழே இருப்பவனைக் கேட்காமல் மேலே இருப்பவன் புதிதாக அணை கட்டக்கூடாது என்பது சாரம். அதில் பாலாறும் உண்டு. பிறகு மாநிலங்கள் பிரிந்தன. தடுப்பணைகள் முளைத்தன. 2016-ல் வாணியம்பாடிக்கு மேலே, புல்லூரில் இருந்த தடுப்பணையை ஆந்திரா உயர்த்தியபோது, தமிழ்நாடு சுப்ரீம் கோர்ட் படியேறியது. கிரேக்கர்களும் சும்மா இல்லை. அகிலூஸின் குறுக்கே 1960-களில் கிரெமஸ்தா என்ற இடத்தில் பிரமாண்டமான அணை கட்டினார்கள். பிறகு, அந்தத் தண்ணீரில் ஒரு பகுதியை மலையைக் குடைந்து கிழக்கே தெசாலிக்குத் திருப்பத் திட்டம் போட்டார்கள். அந்த நாட்டின் உயர்ந்த நிர்வாக நீதிமன்றம் அதைப் பல முறை தடுத்தது. ஹெர்குலிஸ் முறித்தது ஒரு கொம்பைத்தான். இன்னொன்றுக்கு இன்னும் வழக்கு நடந்திருக்கிறது!

இவ்வளவு வம்புக்கும் நடுவில், கிரேக்கர்கள் செய்த ஒரு காரியம் என்னைக் கவர்கிறது. தொதோனா என்ற ஊரில் அவர்களுக்கு ஒரு குறி சொல்லும் கோயில் இருந்தது. எந்த விஷயத்துக்குக் குறி கேட்கப் போனாலும், 'அகிலூஸுக்குப் படையல் போடு' என்று ஒரு வரி சேர்த்தே சொல்வார்களாம். நாளாக ஆக, பூஜையிலும் சத்தியம் செய்யும்போதும் எந்தத் தண்ணீரையும் 'அகிலூஸ்' என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஓர் ஆற்றின் பெயர், தண்ணீருக்கே பெயராகிவிட்டது! இங்கே கங்கை என்பது அப்படி ஆகவில்லையா? நம் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைச் செம்பில் எடுத்துவைத்து 'கங்கே ச யமுனே' என்று புரோகிதர் ஆரம்பிக்கிறார். இலங்கைக்குப் போனால், சிங்களத்தில் ஆறு என்ற சொல்லே 'கங்க'தான். மகாவலி கங்கை, களனி கங்கை.

ஒரு பெயர் பெரிதாகும்போது ஊரிலுள்ள தண்ணீருக்கெல்லாம் மரியாதை வருகிறது. அதே மாதிரி, ஒரு பெயர் காணாமல் போகும்போது?

வேகவதி காஞ்சிக்கு மேற்கே தாமல் ஏரிப் பக்கமிருந்து வருகிறது. ஊரின் தெற்கு ஓரமாகப் போய், திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது. அங்கேயே செய்யாறும் வந்து சேர்வதால்தான் முக்கூடல். அங்குள்ள பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11-ம் நூற்றாண்டு. 15 படுக்கைகளுடன் ஓர் ஆஸ்பத்திரி, வைத்தியர், அறுவை செய்ய ஒருவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், மருந்துகளின் பட்டியல், யார் யாருக்கு எவ்வளவு நெல் சம்பளம் என்பது வரை கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள். மூன்று ஆறு கூடுகிற இடத்துக்கு அன்று அவ்வளவு மதிப்பு.

இன்று? காஞ்சிக்குள் வேகவதியின் கரையில் வீடுகள் வந்தன. கட்டியவர்களில் பெரும்பாலோர் ஏழைகள்; தறிக்கூலியிலும் தினக்கூலியிலும் பிழைத்தவர்கள். அவர்களைக் குற்றவாளியாக்கி எழுத எனக்கு மனசு வரவில்லை. வேறு இடம் இருந்தால், யார் போய் ஆற்றுக்குள் குடியிருப்பார்கள்? ஆனால், அவர்கள் ஓர் ஆற்றுக்குள் குடியேறியதாகவே நினைத்திருக்க மாட்டார்கள் என்பதுதான் விஷயம். அவர்கள் வந்தபோது அது 'கால்வாய்' ஆகியிருந்தது. கால்வாயைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? வீட்டு வரி வந்தது, கரன்ட் கனெக்‌ஷன் வந்தது, ஓட்டு கேட்டு ஆள் வந்தார்கள். 'இதன் பெயர் வேகவதி. இது வேகமாக வரும்' என்று மட்டும் யாரும் வந்து சொல்லவில்லை.

2015-ல் அது கொஞ்சம் உறுமிக் காட்டியது. 2021 நவம்பரில் பாலாற்றில் பல வருஷமாகக் காணாத வெள்ளம். செவிலிமேட்டுப் பாலத்தில் நின்று ஜனங்கள் செல்போனில் படம் எடுத்தார்கள். அதே நாட்களில் வேகவதியும் கரையை மீறி வீடுகளுக்குள் நுழைந்தது. பாத்திரம், பாய், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம்... இவற்றைத் தலையில் வைத்துக்கொண்டு ஜனங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தார்கள். பெயருக்கு என்ன அர்த்தம் என்று ஆறு தானே வந்து சொல்லிவிட்டுப் போனது. கரையோரக் குடும்பங்களுக்கு ஊருக்கு வெளியே கீழ்க்கதிர்ப்பூரில் அடுக்குமாடி கட்டி, போகச் சொன்னார்கள். 'அங்க போனா பிழைப்புக்கு எங்க போறது?' என்று அவர்கள் கேட்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆறு கேட்பதும் அதன் இடத்தை. மனிதன் கேட்பதும் அவனுடைய இடத்தை. இந்த ஐந்தொகை அவ்வளவு சுலபமாக டாலி ஆகாது.

ஆனால், ஒன்று செய்யலாம் இல்லையா? காசு செலவில்லாத காரியம். அதை ஆறு என்று சொல்லலாம். கால்வாய் என்று சொன்னால் மூட முடியும், குப்பை கொட்ட முடியும், மேலே கடை கட்ட முடியும். ஆறு என்று சொல்லிவிட்டால் கை கொஞ்சமாவது தயங்கும். கன்னத்தில் போட்டுக்கொண்ட என் பாட்டி அதில் ஒரு நாளும் குப்பை போட்டவள் அல்ல. அவளுக்குச் சுற்றுச்சூழல் என்ற வார்த்தையே தெரியாது. வேகவதி என்ற வார்த்தை தெரியும். அது போதுமானதாக இருந்தது.

உங்கள் ஊரிலும் ஒரு 'கால்வாய்' இருக்கும். தினம் தாண்டிப்போவீர்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், இன்றைக்கு ராத்திரியே கேட்டுப் பாருங்கள், அதற்கு முன்பு என்ன பெயர் என்று. கேட்டதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

அந்த ஆட்டோ டிரைவரைத் திரும்ப ஒருமுறை பார்த்தேன். 'என்ன சார், வேகவதி பாலமா?' என்றார் சிரித்துக்கொண்டே.

ஒரு ஆள் சேர்ந்தாயிற்று!